சொல்லில்லாத் திரையும் சித்திர ஆசிரியரும்



மார்கழி மாதத்து விடியற்காலையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் போக முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது நடையிலே, இரண்டு முழ அகலமுள்ள இடத்தில், ஒரு தாய் குனிந்து புள்ளி வைத்துக் கொண்டிருப்பாள். தூக்கம் கலையாத கண்களோடு அருகே ஒரு சிறுமி நின்று பார்த்துக் கொண்டிருப்பாள். தாய் எதையும் விளக்குவதில்லை. முதற் புள்ளி எங்கே விழுந்தது, இழை எந்தப் பக்கம் வளைந்தது, எந்த மூலையில் கை சற்றே நின்று பின் திரும்பியது என்பனவற்றையெல்லாம் சிறுமியின் கண்கள் தாமாகவே கற்றுக் கொள்கின்றன. நாலைந்து நாள் கழித்து அவளே ஒரு சிறு கோலம் இடுகிறாள்.

அதே சிறுமியிடம் முற்றுப் பெற்ற கோலத்தை மட்டும் காட்டி, இதைப் போல் இடு என்று சொன்னால் அவள் திகைத்து நிற்பாள். ஏனெனில் முடிந்த கோலத்திலே அதன் தொடக்கம் மறைந்து போகிறது. எந்த இழை முன், எந்த இழை பின் என்பதை அது சொல்வதில்லை. கோலம் தரையின்மீது இருப்பது போலத் தோன்றினாலும் உண்மையில் அது காலத்திலே நிகழ்வது. ஓவியமும் அப்படியே. இந்த எளிய உண்மையைச் சித்திர ஆசிரியர்களின் பயிற்சியிலே எவ்வாறு பயன்படுத்துவது, அதற்குச் சொல்லில்லாத சலனப்படங்கள் எவ்வாறு துணை செய்யும், மும்பை நகரத்தின் வரலாறு இதில் நமக்கு என்ன கற்றுத் தருகிறது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

இவ்விஷயத்தைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி சிறிதே. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். சொற்களால் வயிறு வளர்ப்பவன். சொல் தேவைப்படாத இடத்தில் எனக்கு வேலை இல்லை. அப்படி எனக்கு வேலை இல்லாமற்போன ஒரு நாள்தான் இந்தச் சிந்தனைக்கு வித்திட்டது. அந்த நாளைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். முதலில் வரலாற்றைக் காண்போம்.

நம் நாட்டில் சித்திர ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி தொடங்கிய இடங்களுள் முக்கியமான ஒன்று மும்பையின் ஸர் ஜே. ஜே. கலைப் பள்ளி. பார்ஸி வள்ளலான ஸர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் அளித்த நன்கொடையைக் கொண்டு 1857ஆம் ஆண்டில் அது தொடங்கப் பெற்றது. 1879இல் அங்கே சித்திரம் வரைதல் தனிப் பாடமாயிற்று. சித்திர ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வகுப்பு 1893இல் ஏற்பட்டது. அந்நாளைய பாடமுறை லண்டனிலிருந்து வந்தது. கோடு, கோணம், வடிவகணிதம், சுண்ணாம்புச் சாந்தில் வார்த்த பிரதிமைகள், மேசைமேல் வைத்த குடம், கூஜா இவைகளை அளந்து, நிழல் தீட்டி, பிழையின்றிப் பிரதி செய்வதே அதன் நோக்கம். தொழிலுக்கு ஏற்ற கைகளை உருவாக்குவதே அதன் பயன்.

அந்த முறையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. கண்ணுக்கு அளவையும் கைக்கு அடக்கத்தையும் அது கற்பித்தது. இன்றும் மகாராஷ்டிரப் பள்ளிகளில் மாணவர்கள் எலிமெண்டரி, இண்டர்மீடியட் என்ற சித்திரத் தேர்வுகளை எழுதுகிறார்கள். நானும் இந்நகரத்தில் படித்த காலத்தில் முக்காலியின்மேல் வைத்த குடத்தை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். ஆனால் அக்குடம் ஒருநாளும் அசைந்ததில்லை. தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவில் அதே குடம் சக்கரத்தின்மீது களிமண் உருண்டையாக இருந்து, கழுத்தெடுத்து, வாய் விரிந்து எழுவதைக் காண நடந்தே போயிருக்கலாம். எங்களை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆசிரியர் கற்ற பயிற்சியில் அதற்கு இடமில்லை என்பதே காரணம்.

அசைவைக் காண்பது கலைப் பயிற்சியின் பகுதி என்ற எண்ணம் மேல்நாட்டில் 1878ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சோதனையால் வலுப்பெற்றது. எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிபோர்னியாவில் பல காமிராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைத் தொடர்ச்சியாகப் படம் எடுத்தார். நாலு கால் பாய்ச்சலில் குதிரையின் கால்கள் நான்கும் ஒரு கணம் தரையைவிட்டு நீங்குவது உண்மையே எனத் தெரிந்தது. ஆனால் ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்காக எழுதி வந்தது போல் அவ்வேளையில் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கவில்லை. வயிற்றின் அடியில் மடங்கிக் கூடியிருந்தன. பெரிய பெரிய ஓவியர்கள் குதிரையைப் பார்த்து எழுதவில்லை, முன்னோர் எழுதிய குதிரையைப் பார்த்தே எழுதினார்கள் என்பது வெளியாயிற்று. மைபிரிட்ஜ் இப்படங்களை ஒளித்திரையிலே காட்டிச் சொற்பொழிவுகள் செய்தார். 1887இல் 781 தகடுகள் கொண்ட பெருந்தொகுதியாகவும் வெளியிட்டார். அமெரிக்காவில் தாமஸ் ஈகின்ஸ் என்ற ஓவிய ஆசிரியர் தாமே இத்தகைய படங்களை எடுத்து, மாணவர்களுக்குப் பாடமாக்கினார்.

இனி மும்பைக்குத் திரும்புவோம். 1896 ஜூலை 7ஆம் தேதி, லூமியேர் சகோதரர்களின் சலனப்படங்கள் இந்நகரத்து வாட்ஸன் ஹோட்டலில் காட்டப் பெற்றன. இந்தியாவில் நடைபெற்ற முதல் திரைக்காட்சி அதுவே. அப்படங்களுக்கு வாய் இல்லை. எம்மொழியினரும் சமமாக அமர்ந்து பார்த்தனர். ஜே. ஜே. கலைப் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் அடுத்த சில ஆண்டுகளில் இக்கலையைத் தமதாக்கிக் கொண்டார். அவர்தாம் தாதாசாகிப் பால்கே. 1885இல் அப்பள்ளியில் சேர்ந்து, பின்னர் பரோடாவின் கலாபவனத்தில் பயின்று, புகைப்படத்திலும் அச்சுத் தொழிலிலும் கை தேர்ந்தவர் அவர். 1913ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'ராஜா ஹரிச்சந்திரா'வைப் பற்றி நேயர்கள் நன்கறிவார்கள். ஆனால் அதற்கு முந்திய ஆண்டு அவர் எடுத்த ஒரு சின்னஞ்சிறு படத்தைப் பற்றி அத்தனை பேர் அறிந்திருக்க மாட்டார்கள்.

தொட்டியிலே ஒரு பட்டாணி விதையை ஊன்றி, அதன் முன்னே காமிராவை அசையாமல் நிறுத்தி, பல நாட்கள் விட்டுவிட்டுப் படம் பிடித்தார் பால்கே. விதை முளையாகி, முளை கொடியாகும் நிகழ்ச்சி திரையில் ஒரு நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் நடந்து முடிந்தது. பணம் கொடுக்கத் தயங்கியவர்கள் அதைக் கண்டு மனம் மாறினார்கள் என்பர். நமக்கு முக்கியம் அந்தப் பணம் அன்று. கண்ணால் காண இயலாத ஒரு நிகழ்ச்சியைக் கலைப் பள்ளியில் கற்ற ஒருவர், சொல்லின் துணையின்றி, காலத்தைச் சுருக்கிக் காட்டினார். செடி என்பது ஒரு வடிவம் மாத்திரம் அன்று, அது ஒரு செயல் என்று அப்படம் கற்பித்தது. அதைச் சித்திர ஆசிரியர்களுக்கேற்ற பாடம் என்று சொன்னால் மிகையாகாது. எனினும் பால்கே கதைப் படங்களை நோக்கிச் சென்றார். பள்ளிக்கூடத்துக் குடமும் முக்காலியும் தத்தம் இடத்திலேயே இருந்தன.

விடுதலைக்குப் பின் 1948இல் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் மும்பையில் நிறுவப் பெற்றது. பல ஆண்டுகள் வரையில் ஒவ்வொரு தியேட்டரிலும் கதைப் படத்துக்கு முன் அதன் செய்திப்படமோ விவரணப்படமோ காட்டப்பட்டது. அணைக்கட்டும் அம்மை குத்துதலும் வெள்ள நிவாரணமும் அவற்றின் பொருள். அவை பல மொழிகளில் வெளியாயின. தமிழில் கணீரென ஒலித்த வர்ணனைக் குரலைச் சென்ற தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். என் போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் முன்னோர் பலர் அதற்கு உழைத்திருக்கிறார்கள். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதைப் பார்க்க வேண்டும், பார்த்து என்ன நினைக்க வேண்டும் என்று அக்குரலே முன்கூட்டிச் சொல்லிவிடும். கண்ணுக்கு வேலை குறைந்தது.

1960களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு மாற்றம் தோன்றிற்று. ஜஹாங்கீர் பாவ்நகரியின் ஆலோசனைக் காலத்தில் பிலிம்ஸ் டிவிஷன் புது முயற்சிகளுக்கு இடம் அளித்தது. ஒருகாலத்தில் இந்நகரத்தில் சினிமா விளம்பரப் பலகைகள் எழுதிப் பிழைத்த எம். எப். ஹுசேன் என்ற ஓவியரிடம் காமிராவைக் கொடுத்து ராஜஸ்தானத்திற்கு அனுப்பினார்கள். அவர் 1967இல் கொண்டு வந்த 'ஓர் ஓவியனின் கண்கள் வழியே' என்ற படத்தில் தொடக்கத்திலே ஓவியர் கூறும் சிறு முன்னுரையைத் தவிர வர்ணனை கிடையாது. கதையும் கிடையாது. விஜயராகவ ராவின் இசை மட்டும் உண்டு. குடை, லாந்தர், செருப்பு, கோட்டைச் சுவர், கால்நடை, மனித முகம் இவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இரு பொருள்களை அடுத்தடுத்து வைத்தால் அவற்றுக்கிடையே ஓர் உறவு பிறக்கிறது. ஓவியன் தாளின்மேல் செய்வதையே ஹுசேன் காலத்தின்மேல் செய்து காட்டினார். அவ்வாண்டு பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருது அப்படத்துக்குக் கிடைத்தது.

1970ஆம் ஆண்டில் வந்த மற்றொரு படம் நம்மவர்க்கு இன்னும் நெருக்கமானது. தையப் மேத்தா என்ற ஓவியர் எடுத்த அப்படத்தின் பெயரே தமிழ்ச் சொல்: 'கூடல்'. மேத்தா முதலில் பட எடிட்டிங் அறையில் வேலை பார்த்தவர், பிறகு ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்று 1952இல் தேர்ச்சி பெற்றவர். பாந்த்ராவின் ஆட்டுமாட்டுத் தொட்டியிலே அறுப்புக்கு வந்த எருதுகளை அவர் படம் பிடித்தார். கட்டுண்டு வீழும் எருது அவருடைய ஓவியங்களில் வாழ்நாள் முழுதும் திரும்பத் திரும்ப வந்த உருவம். அந்தத் தொட்டியின் தோல்தான் அருகிலிருந்த தாராவிக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்கள் அத்தோலைப் பதனிட்டு வாழ்ந்தன. 1970களின் தொடக்கத்தில் தொட்டி செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு மாற்றப்பட்டது. நாளடைவில் பதனிடும் வேலையும் பெரும்பாலும் தாராவியைவிட்டு அகன்றது. தோற்பொருள் செய்யும் வேலை நிலைத்தது. ஆகவே 'கூடல்' படத்தில் வரும் எருது தாராவித் தமிழனுக்கு வெறும் உருவகம் அன்று. அவன் பாட்டனார் உப்பிட்டு உலர்த்திய தோலின் முற்பிறவி அது. இத்தகைய படத்தைத் தாராவிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்போகும் ஆசிரியர் பார்த்திருக்க வேண்டாமா?

இதே ஆண்டுகளில் மூன்றாவது முயற்சி ஒன்றும் நடந்தது. அக்பர் பதம்ஸி என்ற ஓவியர், தமக்குக் கிடைத்த ஜவாஹர்லால் நேரு உதவித்தொகையைக் கொண்டு 1969இல் மும்பையில் ஒரு கூட்டுப் பட்டறையை ஏற்படுத்தினார். ஓவியர்களும் படப்பிடிப்பாளர்களும் அங்கே கூடித் தத்தம் கருவிகளைப் பகிர்ந்து கொண்டனர். இளம் ஓவியராக இருந்த நளினி மலானி புகைப்படத்தையும் படச்சுருளையும் கையாண்டது அங்கேதான். பதம்ஸி எடுத்த 'ஸிஸிஜி' என்ற படத்தில் சொல்லும் இல்லை, ஒலியும் இல்லை. எண்ணற்ற கோட்டுச் சித்திரங்கள் மாத்திரமே. அவற்றை அசையச் செய்தவர் ராம் மோகன். அவர் 1956இல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னி நிறுவனத்திலிருந்து வந்த கிளேர் வீக்ஸ் என்பவரிடம் தொழில் கற்றவர். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு கை உயர்வதை வரைய வேண்டுமானால் அந்தக் கை எங்கே தயங்குகிறது, எங்கே விரைகிறது என்பதை ஒவ்வொரு தாளிலும் முடிவு செய்ய வேண்டும். பார்த்தலைப் பற்றி இதைவிடக் கடுமையான பாடம் வேறு உண்டோ?

ஆனால் பதம்ஸியின் படத்தை அந்நாளில் கண்டவர்களுள் மிகச் சிலரே அதை ஏற்றுக் கொண்டனர். பட்டறையும் 1972இல் முடிவுற்றது. சொல் இல்லாவிட்டாலே எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிடும் என்று எண்ணுவது தவறு. சொல்லில்லாப் படத்துக்கும் ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலில் நிற்க வேண்டியவரே ஆசிரியர். இங்கேதான் பயிற்சியின் அவசியம் வருகிறது.

இப்பொழுது நான் முன்னர் சொன்ன அந்த நாளுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த மராத்தியப் பெண்மணி ஒருவர் சித்திர ஆசிரியை. பயிற்சி பெறும் இளம் ஆசிரியர் சிலரைத் தாராவிப் பள்ளி ஒன்றுக்கு அவர் அழைத்துச் சென்றார். அவ்வகுப்பில் வீட்டிலே தமிழும் மராத்தியும் ஹிந்தியும் உருதும் பேசும் பிள்ளைகள் கலந்திருந்தனர். தமிழ்ப் பிள்ளைகளுக்காக மொழிபெயர்க்க வேண்டுமென்று என்னையும் அழைத்திருந்தார்.

முன்னதாக அவர் பயிற்சியாசிரியர்களிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். பால்கே செய்தது போல், ஈரப் பஞ்சில் ஒரு மொச்சை விதையை வைத்து, கைபேசியை ஒரே இடத்தில் நிறுத்தி, நாளுக்குச் சில படங்களாக மூன்று வாரம் எடுத்தார்கள். அதைத் தொடர்ச்சியாக ஓட்டினால் அரை நிமிடம் வரும். அன்று அதை வகுப்புச் சுவரில் மூன்று முறை காட்டினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு தாளைக் கொடுத்து வரையச் சொன்னார்.

அவ்வாண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறுவன் கடைசி வரிசையில் இருந்தான். வகுப்பு மொழி அவனுக்கு இன்னும் வசப்படவில்லை. வந்த நாள் முதல் வாய் திறந்ததில்லை என்றார்கள். அவன் தாளை நான்கு கட்டமாக மடித்து நான்கு படம் வரைந்தான். முதற் கட்டத்தில் விதை. இரண்டாவதில் முளை கொக்கி போல் வளைந்து, தலையைக் கீழே வைத்துக் கொண்டு முதுகால் மேலே வருகிறது. மூன்றாவதில் தலை மெல்ல நிமிர்கிறது. நான்காவதில் இரண்டு இலை. மொழிபெயர்ப்பதற்காக நான் அவன் அருகே சென்றேன். அவன் தாளைச் சுட்டி, "குனிஞ்சுக்கிட்டே வருது அண்ணாச்சி, அப்புறம்தான் நிமிருது" என்று சொன்னான். அதை மராத்தியில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் ஆசிரியை தலையை அசைத்துவிட்டார். தாளே அதைச் சொல்லிவிட்டது. எனக்கு வேலை இல்லாமற்போனது அப்பொழுதுதான்.

அதற்குப் பின் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. படத்தை எடுப்பதற்கு முன்பாகப் பயிற்சியாசிரியர்கள் தாங்களே நினைவிலிருந்து ஒரு முளையை வரைந்து வைத்திருந்தனர். ஆசிரியை அத்தாள்களை எடுத்து அச்சிறுவனின் தாளுக்கு அருகே வைத்தார். அவர்கள் வரைந்த முளைகள் எல்லாம் விதையிலிருந்து நேராக நின்றன. மூன்று வாரம் அருகிலிருந்து படம் பிடித்தவர்களும் அக்கொக்கியை அப்பொழுதுதான் கண்டதாக ஒப்புக் கொண்டனர். குதிரை எழுதிய பழைய ஓவியர்களின் கதையே இது.

பயிற்சிக் கூடங்களில் சொல்லில்லாப் படத்துக்கு மூன்று பயன்கள் உண்டு என்று எனக்குப் படுகிறது. முதலாவது, ஆசிரியராகப் போகிறவர் தம் கண்ணின் சோம்பலைத் தாமே கண்டு கொள்வார். இரண்டாவது, படத்தை நிறுத்தி, திருப்பி, மெதுவாக ஓட்டி, ஒரு வடிவம் எப்படி உண்டாகிறது என்ற வரிசையை மாணவர்க்குக் காட்டக் கற்பார். குயவரின் சக்கரமும், கோலமிடும் கையும், தோல் தைக்கும் ஊசியும் அப்போது பாடமாகிவிடும். மூன்றாவது, பல மொழிப் பிள்ளைகள் கூடிய வகுப்பில், மொழி தெரியாததால் பின்வரிசைக்குப் போனவன் முதலில் பேசத்தக்க ஒரு மணி நேரத்தை அவர் உண்டாக்குவார்.

இம்மூன்றாவதே மும்பைக்கு இன்றியமையாதது. இந்நகரத்தின் மாநகராட்சி பல மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. எனினும் ஆங்கில வழியை நாடிச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகள் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள். வீட்டு மொழி ஒன்று, தெரு மொழி வேறு, வகுப்பு மொழி இன்னொன்று என்றிருக்கும் குழந்தைக்குச் சித்திர வகுப்பு ஒன்றே சமநிலம். பரீட்சை நெருங்கும்போது கணக்குக்காகப் பல இடங்களில் முதலில் பறிபோவதும் அதுவே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நூறு மாணவருக்கு மேற்பட்ட உயர் தொடக்கப் பள்ளிகளில் கலைக் கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் வேண்டுமென்று கூறுகிறது. பகுதி நேரத்துக்கு வரும் ஆசிரியருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. குறைந்த நேரத்தில் நிறைந்த பயன் தரும் கருவி அவருக்கு வேண்டாமா?

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. பிள்ளைகள் ஏற்கெனவே நாள் முழுதும் கைபேசித் திரையைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள், பள்ளியிலுமா என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. திரை தானாகக் கற்பிக்காது. பார்த்த பின் கை வரையாவிட்டால் அது வெறும் பொழுதுபோக்கு. அரை நிமிடப் படத்துக்கு அரை மணி நேர வரைதல் என்ற அந்த ஆசிரியையின் கணக்கு எனக்குச் சரியென்றே தோன்றுகிறது.

பிலிம்ஸ் டிவிஷன் இப்போது தனி நிறுவனமாக இல்லை. 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைந்துவிட்டது. அது இருந்த பெட்டர் ரோடு வளாகத்தில் 2019 முதல் இந்தியத் திரைப்பட அருங்காட்சியகம் இருக்கிறது. ஓவியர்கள் அந்நாளில் மக்கள் பணத்தில் எடுத்த படங்கள் நம் எல்லாருடைய சொத்து. கலைப் பள்ளிக்கும் அவ்வளாகத்துக்கும் இடையே உள்ள தூரம் அதிகமில்லை. பயிற்சி பெறும் சித்திர ஆசிரியர்களை ஆண்டுக்கு ஒரு நாளாவது அங்கே அழைத்துச் சென்று, ஹுசேனையும் மேத்தாவையும் பார்க்கச் செய்து, அன்று மாலையே தாராவிக் குயவரின் சக்கரத்தின் முன் உட்கார வைத்து வரையச் செய்தால், அதற்கு ஆகும் செலவு ரயில் டிக்கெட்டும் சில தாள்களும்தான்.

அச்சிறுவன் அன்று வரைந்த தாளை ஆசிரியை வகுப்புச் சுவரில் ஒட்டினார். அதன் கீழே பெயர் எழுதச் சொன்னார். அவன் தமிழிலேயே எழுதினான். யாரும் அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.